தலைத்தீபாவளிக்கு ஒரு செம்பு உப்புத்தண்ணீர்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் பல்லில் வந்துதான் நிற்கிறது. யாருக்குப் பல் செட்டு பொருந்தவில்லை, யார் முறுக்கை உரலில் இடித்துத் தின்கிறார்கள், யார் இன்னும் சொந்தப் பல்லோடு இருந்துகொண்டு மற்றவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. அதனால் நான் பல் கதை பேசினால் நீங்கள் முகம் சுளிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் என் மருமகள் பேரனைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போய்வந்தாள். தீபாவளிக்கு இனிப்பு தின்னலாமாம். ஆனால் தின்ற கையோடு வாய் கொப்பளிக்க வேண்டுமாம். நாள் முழுக்கக் கொறித்துக்கொண்டே திரியக் கூடாதாம். என்னமோ புதுச் சேதி கொண்டுவந்தவள் மாதிரி இதைச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கொப்பளிப்புக்காக எங்கள் வீட்டில் ஒரு கல்யாணமே முறியப் பார்த்தது என்றால் அவள் நம்புவாளா? நீங்கள் நம்புவீர்கள். நம் காலத்தில் அதைவிட அற்பமான காரியங்களுக்கெல்லாம் பெண்கள் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர் திருவாதவூருக்குப் பக்கம். இரண்டாவது உலகச் சண்டை வருவதற்குக் கொஞ்சம் முந்தின காலம். நான் பாவாடை சட்டையோடு திரிந்த சிறு பிள்ளை; முன்பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்த வயது. எங்கள் அய்யா, அதாவது என் அப்பா, கொஞ்சம் நிலத்தை வைத்துக்கொண்டு மாட்டுத் தரகும் பார்த்தார். இன்றைக்குப் பஸ் ஏறப் போகிறீர்களே மாட்டுத்தாவணி, அது அப்போது மாட்டுச் சந்தை; மாடுகள்தான் நிற்கும். அய்யா துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார். விலை பேசுவதற்கு முன்னால் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். இரண்டு பல்லா, நாலு பல்லா, பல் எல்லாம் முளைத்துக் கடை சேர்ந்துவிட்டதா, ஈறு எப்படி என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். ஒருமுறை வயதான காளையின் பல்லை அரத்தால் ராவி இளங்காளை என்று விற்க வந்தவனை, வாயைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தாராம். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு.

அந்தப் பெருமைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. என் அக்காவுக்கு அந்த வருஷம் ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை மதுரை டவுனில், அவருடைய சித்தப்பாவின் மிட்டாய்க்கடையில் வேலை பார்த்தார். பாகுப் பதம் பார்ப்பது சின்ன வயதிலிருந்து அவர் பொறுப்பு. நான் அவரை மச்சான் என்று கூப்பிடுவேன். கல்யாணப் பந்தலில் அய்யா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, ஊர் பெரியவர்களுக்கு நடுவில் உரக்கச் சொன்னார்:

"மாடு வாங்குனா பல்லப் பாத்து வாங்குவேன். மாப்ளைய மட்டும் பல்லப் பாக்காமப் பிடிச்சுட்டேன்யா!"

பந்தலே சிரித்தது. மச்சானும் சிரித்தார், வாயைத் திறக்காமல். அவருடைய கை சட்டென்று கன்னத்துக்குப் போய்த் திரும்பியதை நான் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்றால், அந்த மாதம் முழுக்க என் கையும் அங்கேதான் இருந்தது. எனக்குக் கடைவாயில் ஒரு பால்பல் சொத்தை. ஆத்தாவின் அக்கா, என் பெரியம்மா, அதற்கு வைத்தியம் சொல்லியிருந்தாள். பல்லுக்குள் பூச்சி இருக்கிறது, கருப்பட்டித் துண்டைச் சொத்தைமேல் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தால் இனிப்புக்கு ஆசைப்பட்டு அது வெளியே வந்துவிடும் என்று. வைத்தியம் இனிப்பாக இருந்ததால் நானும் ஒழுங்காகச் செய்தேன். பூச்சி வரவில்லை. வலி மட்டும் நன்றாக வளர்ந்தது.

ஐப்பசி பிறந்ததும் அக்காவை முன்னாலேயே ஊருக்கு அழைத்து வந்துவிட்டார்கள். தலைத்தீபாவளி. மச்சான் கடை வேலை முடித்து முந்தின நாள் வருவார். அதுவரைக்கும் ஆத்தாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் அம்மாவைத்தான் ஆத்தா என்கிறேன். வருகிறவர் மிட்டாய்க்கடை மாப்பிள்ளை. நெய்யும் சீனியும் புரளுகிற கை. அவருக்கு முன்னால் நம் பட்டிக்காட்டு அதிரசத்தை எப்படி வைப்பது என்பதே அவள் கவலை. ஊறவைத்த அரிசியை நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போகுமுன் இடித்து, சலித்து, மறுபடி இடித்தாள். கருப்பட்டிப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தாள். முதல் சட்டி பாகு முறுகிவிட்டது. பேசாமல் எடுத்துப்போய்க் காளைகளுக்கு வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். காளைகள் அன்றைக்குத் தலைத்தீபாவளி கொண்டாடின.

"நல்லாத்தானே இருக்கு ஆத்தா, எதுக்கு இம்புட்டுப் பாடு?" என்று அக்கா கேட்டாள்.

"ஒனக்கு நல்லாருக்கும். அவுக நாக்குக்கு என்னத்தக் கண்டோம்" என்றாள் ஆத்தா.

 அன்று மத்தியானம் அக்கா கொல்லையில் முருங்கை மரத்தடிக்கு என்னைத் தனியாக இழுத்துப் போனாள். "ஒங்க மச்சானுக்கும் ஒன்னய மாதிரியே பல்லு வலிடி" என்றாள். சின்ன வயதிலிருந்து பாகை நாக்கில் வைத்து வைத்துக் கடைவாய்ப் பல் ஓட்டையாகிவிட்டதாம். கடைக்கு வருகிற ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டுப் பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்றாராம். தீபாவளிக் கூட்டம் முடியட்டும் என்று மச்சான் தள்ளிப் போட்டிருந்தார். அதுவரைக்கும் இனிப்பு எது தின்றாலும் உடனே உப்புத்தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"அய்யாட்டச் சொல்லு" என்றேன் நான்.

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காக. மிட்டாய்க்கடைக்காரனுக்கே பல்லு சொத்தைன்னு தெரிஞ்சா எவன் மிட்டாய் வாங்குவான்? அதுவுமில்லாம அய்யா அன்னைக்குப் பந்தல்ல பேசுன பேச்சு... அதுக்கப்பறம் அய்யா முன்னாடி வாயத் தெறக்கவே கூச்சப்படுறாக."

ஆக, எனக்கு ஒரு வேலை வந்தது. பித்தளைச் செம்பில் உப்புத்தண்ணீர் கரைத்து முருங்கையடியில் மறைத்து வைக்க வேண்டும். கழுத்து ஒடுங்கிய செம்பு. ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். பிற்பாடு எந்தப் பாத்திரக்காரனிடம் போனதோ தெரியவில்லை. இன்றைக்கு யாராவது எடுத்துக் கொடுத்தால் இருட்டிலும் தடவி அடையாளம் சொல்லுவேன்.

மச்சான் வந்தார். கையில் கடையிலிருந்து பெரிய பெட்டி மிட்டாய். எனக்குத் தனியாக ஏணி மிட்டாய் வாங்கி வந்திருந்தார். கொடுக்கும்போது குனிந்து ரகசியமாக, "சோத்துக்கப்பறம் தின்னு. தின்னுட்டு ஒடனே கொப்பளிச்சுரு. இனிப்பு ஒன்னும் செய்யாது. பல்லுல ஒட்டிக்கிட்டுக் கெடக்குற பாகுதான் செய்யும்" என்றார். என் கன்னம் வீங்கியிருந்ததை அவர் ஒருவர்தான் அந்த வீட்டில் கவனித்தார். அந்த நிமிஷத்திலிருந்து நான் அவர் கட்சி.

தீபாவளி விடிந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, மச்சான் பந்தியில் உட்கார்ந்தார். இட்டிலியும் கறிக்குழம்பும் அந்தக் காலத்தில் எங்களுக்குத் தீபாவளிக்குத் தீபாவளிதான். இட்டிலியை ஒரு பக்கமாகவே மென்றார். கறித்துண்டுகளை இலை ஓரத்தில் ஒதுக்கினார். தட்டு நிறைய அதிரசமும் சுசியமும் வந்தபோது, ஒரு சுசியத்தின் உள்ளிருந்த பூரணத்தை மட்டும் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

பெரியம்மாவுக்கு இது போதுமே. அடுப்படியில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். "மாப்ள மொகமே சரியில்ல. மோதிரம் கீதிரம் எதிர்பார்த்துருப்பாரு போலருக்கு."

"மோதிரமெல்லாம் இல்லக்கா" என்றாள் ஆத்தா. "நம்ம பண்டம் அவருக்குப் பிடிக்கல."

அவள் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. திட்டினால்கூடத் தாங்கியிருப்பாள். அக்கா அதைக் கேட்டுவிட்டு நேராக மச்சானிடம் போனாள். என்ன பேசினாளோ தெரியாது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மச்சான் தானாகவே, "அத்தை, அதிரசம் இருந்தா குடுங்க" என்று கேட்டார். ஆத்தா ஓடி வந்து வைத்தாள்; வைத்துவிட்டு நகராமல் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு அவர் வாயையே பார்த்தாள். அவர் ஒரு முழு அதிரசத்தையும் கடித்து மென்று விழுங்கினார். இன்னொன்றும் எடுத்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. "ரொம்ப நல்லாருக்கு அத்தை" என்றார். ஆத்தாவுக்கு அப்போது வந்த மலர்ச்சியை அக்கா கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

அவர் எழுந்து கொல்லைக்குப் போனார். நான் முன்னாலேயே ஓடிச் செம்பை எடுத்துக் கொடுத்தேன். ஒரு கையால் கன்னத்தை அழுத்திக்கொண்டு மறு கையால் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினார். இடுக்கில் சிக்கியிருந்ததை விரலால் நோண்டி அதையும் துப்பினார். முருங்கையடியெல்லாம் கருப்பட்டி நிறத்தில் தண்ணீர். நான் நிமிர்ந்தபோது ஆத்தா மாட்டுக் கழனிப்பானையோடு கொல்லை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

 பானையை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். பெரியம்மா கேட்டதற்கு மட்டும், "தின்ன மாதிரித் தின்னுட்டுப் போய்த் துப்புறாருக்கா. வாயக் கழுவுறாரு. தீட்டுப் பட்ட மாதிரி விரல விட்டுக் கழுவுறாரு" என்று சொல்லி அழுதாள். பெரியம்மா அதைக் கையோடு அய்யாவிடம் கொண்டு சேர்த்தாள். சேர்க்கும்போது கொஞ்சம் உப்பும் புளியும் போட்டிருப்பாள், நமக்குத் தெரியாததா.

நான் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவைத் தேடினேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள். சொன்னால் புருஷனுக்குக் கொடுத்த சத்தியம் போகும். சொல்லாவிட்டால் ஆத்தாவின் அழுகை நிற்காது. முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள்.

சாயங்காலம் வண்டி பூட்டி நின்றது. அக்காவும் மச்சானும் அன்றைக்கே டவுனுக்குத் திரும்புவதாகப் பேச்சு. அக்காவின் தகரப்பெட்டியும், சீர்ப் பலகாரச் சட்டிகளும் வாசலில் இருந்தன. அய்யா வெளியே வந்தார். யாரையும் பார்க்காமல் தகரப்பெட்டியைத் தூக்கித் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தார்.  பெட்டி உள்ளே போனால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பக்கத்துத் தெருவில் அப்படிப் பெட்டி உள்ளே போன ஒரு சின்னம்மா தலை நரைக்கும்வரை அண்ணன் வீட்டில் மாவு இடித்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ள, நீங்க கெளம்புங்க. பிள்ள இங்கன இருக்கட்டும்" என்றார் அய்யா.

"ஏன் மாமா?"

"எங்க வீட்டுப் பண்டம் தொண்டையில எறங்காதவருக்கு எங்க வீட்டுப் பிள்ள எதுக்கு?"

மச்சானின் கை கன்னத்துக்குப் பாதி வழி போய்க் கீழே இறங்கியது. ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துபோகும். ஆனால் அத்தனை பேருக்கு நடுவில், பல் பார்ப்பதற்கென்றே பேர் வாங்கின மனிதரிடம், என் பல் சொத்தை என்று எப்படிச் சொல்வார்? தலையைக் குனிந்துகொண்டு வண்டியைப் பார்த்து நடந்தார்.

அக்கா அதுவரை அய்யாவுக்கு எதிரே நின்று பேசியதே கிடையாது. அன்றைக்கு நடு வாசலுக்கு வந்து நின்றாள்.

"அய்யா, மாட்டுத்தாவணியில வார மாட்டு வாயெல்லாம் தெறந்து பாப்பீகள்ல? இவுக வாயத் தெறந்து பாருங்க."

 மச்சான் திரும்பி அக்காவைப் பார்த்தார். அதில் கோபம் இருந்ததா, நிம்மதி இருந்ததா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.  அய்யா வண்டியருகே போய், மச்சானின் முகத்தை மேற்கு வெயிலுக்குத் திருப்பி, "தெறங்க மாப்ள" என்றார். பழக்க தோஷம், அவருடைய கட்டைவிரல் உதட்டின் ஓரத்துக்குப் போய்விட்டது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.

அய்யா வெகு நேரம் பார்த்தார்.

"ஈறு பூராப் பழுத்துக் கெடக்கு" என்றார்.  "பல்லு வேர் வரைக்கும் போயிருச்சு. இத வச்சுக்கிட்டா மாப்ள அதிரசத்தக் கடிச்சீக?"

"அத்தை பாத்துக்கிட்டே நின்னாக மாமா" என்றார் மச்சான்.

அவ்வளவுதான். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்ற ஆத்தா, "அய்யோ எம்பிள்ள" என்று சொல்லிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு நேரே நின்று பேசாதவள் அவள். அய்யா தோளில் கிடந்த துண்டை எடுத்தார். எத்தனையோ மாடுகளை அதற்குள் கைவிட்டு வாங்கியும் விற்றும் பழகிய துண்டு. அதை மச்சானின் தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டார். தலைத்தீபாவளி மாப்பிள்ளை அந்தக் கோலத்தில் நின்றதைப் பார்த்து முதலில் சிரித்தது அக்காதான். சிரித்துக்கொண்டே அழுதாள். பெரியம்மா மட்டும், "பூச்சிதான். ஒரு துண்டு கருப்பட்டிய..." என்று தொடங்கினாள். அய்யா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவள் சட்டி எடுத்து வைக்கப் போய்விட்டாள்.

அன்றைக்கு யாரும் கிளம்பவில்லை. ஆத்தா அதிரசத்தைப் பிட்டுப் பாலில் ஊறப்போட்டு, கரைந்து கூழானதும் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். மச்சான் மெல்லாமல் அப்படியே குடித்தார். குடித்து முடித்ததும், என் கையிலிருந்த செம்பை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து அவருக்கு முன்னால் நீட்டினாள் ஆத்தா.

"நல்லாக் கொப்பளிச்சுத் துப்புங்க மாப்ள" என்றாள்.

மறுநாள் அய்யாவே வண்டி ஓட்டிக்கொண்டு அவரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அக்காவையும் தகரப்பெட்டியையும் என்னையும் ஏற்றிக்கொண்டார். மச்சானின் பல்லைப் பிடுங்கும்போது அய்யாதான் தலையைப் பிடித்துக்கொண்டாராம். லாடம் கட்டும்போது பிடிக்கிற பிடி என்று மச்சான் பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். என் பால்பல்லையும் அதே டாக்டர் எடுத்துவிட்டார். நான் போட்ட கூச்சலில் மச்சானுக்குத் தன் வலி மறந்துவிட்டதாம். பிறகு பெட்டியோடு அக்காவும் மச்சானும் டவுன் வீட்டில் இறங்கினார்கள். கடைக்காரர் பல் பிடுங்கிக்கொண்டார் என்று தெரிந்தும் மிட்டாய் வாங்குகிறவர்கள் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். நாம் பயந்து மறைக்கிற விஷயங்களில் பாதி, ஊருக்கு ஒரு பொருட்டாகவே இருப்பதில்லை.

எங்கள் வீட்டுச் சட்டம் மட்டும் மாறிவிட்டது. முன்பெல்லாம் பலகாரச் சட்டி திறந்தே கிடக்கும், பிள்ளைகள் போகும்போதும் வரும்போதும் கைவிடுவோம். அதற்குப் பிறகு சோற்றுக்குப் பின்னால்தான் இனிப்பு. இனிப்புக்குப் பின்னால் முருங்கையடி. அய்யா, மச்சான், நாங்கள், முணுமுணுத்துக்கொண்டே பெரியம்மா, எல்லோரும் வரிசையாக நின்று கொப்பளிப்போம். விருந்தாளி யாராவது விவரம் தெரியாமல் கொப்பளிக்காமல் எழுந்து போனால் ஆத்தாவின் முகம் வாடிவிடும்.

"ஏன், பலகாரம் பிடிக்கலையா?" என்று கேட்பாள்.

இப்போது அந்த முருங்கை இல்லை. ஆத்தா போய், அய்யா போய், மச்சானும் அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தக் கொப்பளிப்பின் புண்ணியமோ என்னவோ, என் பல் உங்களில் பலருடையதைவிடக் கொஞ்ச காலம் கூடுதலாகவே தாங்கியது. பிறகு அதுவும் கிளம்பிவிட்டது. இந்தத் தீபாவளிக்கு மருமகள் எனக்கென்று அதிரசத்தைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தாள். ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, எழுந்து போய் வாயில் தண்ணீர் ஊற்றி, கன்னம் உப்ப நன்றாகக் கொப்பளித்தேன்.

மருமகள் சிரித்தாள். "ஒரு பல்லுகூட இல்லையே அத்தை, எதுக்குக் கொப்பளிக்கிறீக?"

"எங்க ஆத்தா பாத்துக்கிட்டு இருப்பா" என்றேன்.